ஞானஸ்நானத்தில் சபையார் கொடுக்கிற வாக்குக்கு யார் பொறுப்பு?

மெஞ்ஞானபுரத்தான்:
சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம், பிழைப்பு சென்னையில், தாம்பரம் தாண்டி. போன ஞாயிறு எங்கள் சபையில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம். பெற்றோரிடமும், பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கிற ஞானப்பெற்றோரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், எங்கள் பக்கம் திரும்பினார். இந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளர நீங்களும் துணை நிற்பீர்களா, ஒருவரையொருவர் தாங்குவீர்களா என்கிற மாதிரி கேட்டார். நாங்களும் மொத்தமாக, தேவ ஒத்தாசையோடு அப்படியே செய்வோம் என்று சொல்லிவிட்டோம். நான் அதைச் சொன்னபோது ஒரு கண் செல்போனில் இருந்தது, மீன்கடைக்காரர் வஞ்சிரம் வந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பியிருந்தார், மறைக்க ஒன்றுமில்லை.

ஆராதனை முடிந்து செருப்பு தேடும்போது என் மனைவி கேட்டாள், "முன்வரிசை டீச்சரம்மாவை எங்கே ரொம்ப நாளாகக் காணோம்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருடமாக எனக்கு நேர் முன்னால் உட்காருகிறவர். இடது ஓரம், மின்விசிறிக்குக் கீழே. பாமாலைப் பாட்டுப் புத்தகத்துக்கு மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பார், அதில் ஒரு பக்கம் "12" என்று பெரிய எழுத்தில் தெரியும், பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் அந்த 12ஐத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது இல்லை என்பதுகூட என் கண்ணில் படவில்லை.

விசாரித்தால் கோயிலைக் கவனித்துக்கொள்கிற ஊழியர், கோயில்பிள்ளைக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மூன்றரை மாதமாக வீட்டோடு இருக்கிறாராம். மகன் துபாயில். சோறு பொங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது எதிர்வீட்டு அம்மா, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் சபையில் நானூறு குடும்பம்.

நாங்கள் சொன்ன அந்த "செய்வோம்" யாருடைய கணக்கில் ஏறுகிறது? ஐயர் கணக்கிலா, கமிட்டி கணக்கிலா? எல்லாரும் சேர்ந்து சொன்னதால் யாருமே சொல்லாத மாதிரி ஆகிவிடுகிறதே. மற்றவர்கள் சபையில் எப்படி?

பாலக்கரை ஜெசி:
நாங்கள் கத்தோலிக்கர், திருச்சி. எங்களுக்கு இது வருடா வருடம் வரும். ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பு அன்று நடுராத்திரி எல்லாரும் மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்போம். சாமியார் ஒவ்வொன்றாக "விட்டுவிடுகிறீர்களா?" என்று கேட்க, நாங்கள் "விட்டுவிடுகிறோம்" என்போம். உருகின மெழுகு கட்டைவிரலில் விழுந்து சுடும், பக்கத்தில் பிள்ளை தூங்கி விழும், அப்புறம் தீர்த்தம் தெளிப்பார்கள், வீட்டுக்கு வந்தால் காலையில் மட்டன் எடுக்க யார் போவது என்ற பேச்சு. அண்ணா செல்போன் பார்த்ததை ஒப்புக்கொண்டார், நான் மட்டனை ஒப்புக்கொள்கிறேன்.

ஞானத்தாய் ஞானத்தகப்பன் கதையைக் கேட்கவே வேண்டாம். பதினாறு வயது நிரம்பி இருக்க வேண்டும், உறுதிபூசுதல் வாங்கியிருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் அவ்வளவு பார்க்கிறது. ஆனால் என் ஞானத்தகப்பன் எனக்குச் செய்தது அரைப் பவுன் மோதிரம் மட்டும். அவர் யார் என்றே எனக்கு முப்பது வயதில்தான் தெரியும், அதுவும் மோதிரத்தை அடகு வைக்கும்போது அம்மா சொல்லி.

ஆனால் ஒன்று உருப்படியாக இருக்கிறது, அன்பியம். ஒரு கோயிலுக்கு உட்பட்ட பங்கைத் தெருவாரியாகப் பிரித்து, எங்கள் பக்கம் ஓர் அன்பியத்துக்கு முப்பது வீட்டுக்கு மேல் போகாது. மாதம் ஒரு வீட்டில் கூடுவோம், செபமாலை, வாசகம், கடைசியில் சுண்டலும் டீயும். சுண்டலுக்காக வருகிற ஆட்களும் உண்டு, இருக்கட்டும். அந்த முப்பது வீட்டில் ஒருத்தி இரண்டு மாதம் வராவிட்டால் மூன்றாம் மாதம் அவள் வீட்டிலேயே கூட்டத்தைப் போட்டுவிடுவோம். மூன்றரை மாதம் தெரியாமல் இருக்க வழியில்லை.

யோர்தான் கரை:
அடிப்படையே தவறு, அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது. கைக்குழந்தைக்கு என்ன வாக்குறுதி தெரியும்? தண்ணீர் தெளித்துவிட்டு அதன் சார்பில் நாலு பேர் சத்தியம் செய்தால் அது ஞானஸ்நானம் ஆகிவிடுமா? விசுவாசித்து, அறிக்கை செய்து, முழுகி எழுந்தவனுக்குத்தான் அந்தப் பொறுப்பு தெரியும். எங்கள் சபையில் பாஸ்டர் வாரத்துக்கு நாலு வீடாவது சந்திக்கிறார்.

மெஞ்ஞானபுரத்தான்:
தம்பி, தெளிப்பா முழுக்கா என்கிற சண்டைக்கு இந்தத் தளத்தில் ஏற்கெனவே பெரிய இழை இருக்கிறது, அங்கே போய் நனையுங்கள். நான் குழந்தை கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. நாற்பத்தெட்டு வயதில், புத்தி தெளிவாக, நான் கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்:
ஒரு பெண்ணாக வேறு பக்கத்தைச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். "சந்திப்பு" என்றாலே எனக்கு அடிவயிறு கலங்கும். எனக்குக் கரு கலைந்தபோது எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் சங்கீதம் வாசித்தார், ஒருவர் சமையலறையை எட்டிப் பார்த்தார், ஒருவர் "எத்தனையாவது மாசம், ஸ்கூட்டி ஓட்டினியா?" என்று கேட்டார். ஜெபம் முடிந்து போனார்கள். அடுத்த ஞாயிறு சபை முழுக்க நான் ஸ்கூட்டி ஓட்டியதால்தான் இப்படி ஆனது என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பாரத்துக்காக ஜெபியுங்கள் என்று விண்ணப்பம் போலச் சொல்லியே ஊரெல்லாம் பரப்பினார்கள். அதற்கு யாரும் வராமலேயே இருந்திருக்கலாம். டீச்சரம்மா வீட்டுக்குப் போகும் முன் அவருக்கு ஆள் வருவது பிடிக்குமா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நைட் ட்யூட்டி:
நர்ஸாக இருக்கிறேன், இருபத்திரண்டு வருடம். மேலே அந்த அக்கா சொன்னதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். வார்டில் நான் பார்ப்பது என்னவென்றால், சபையிலிருந்து வருகிறவர்கள் பத்து பேராக வருவார்கள், கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். நோயாளிக்குச் சர்க்கரை முந்நூறு இருக்கும். சத்தமாக ஜெபம், பக்கத்துக் கட்டில்காரர் அப்போதுதான் கண் அசந்திருப்பார். கூட இருந்து பார்த்துக்கொள்கிற மகள் மூன்று ராத்திரி தூங்காமல் சுவரில் சாய்ந்து நிற்பாள், அவளிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "நீ போய் ரெண்டு மணி நேரம் படும்மா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொன்ன ஒரே ஒருவரை எனக்கு இன்னும் முகம் ஞாபகம் இருக்கிறது.

டீச்சரம்மா விஷயத்துக்கு வருகிறேன். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷனை விட அதற்கு அப்புறம்தான் கஷ்டம். படுத்தே கிடந்தால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டுவது, காலில் ரத்தம் உறைவது, எல்லாம் வரிசையாக வரும். அதனால் போகிறவர் கவனிக்க வேண்டியது: வாக்கர் பிடித்து நடக்கிறாரா, பிஸியோதெரபிக்கு ஆள் வருகிறாரா, குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறதா, தரை இன்னும் வழுக்குகிறதா, டாய்லெட் உயரமானதா. முதல் தடவை விழுந்த அதே தரையில்தான் இரண்டாவது தடவையும் விழுவார்கள். ஒரு கம்பி அடிக்க பிளம்பருக்கு அரை மணி நேரம் ஆகும். சங்கீதம் 91ஐ அதற்கு அப்புறம் வாசியுங்கள்.

தெற்குத்தெரு:
நல்ல பேச்சு. ஆனால் "சக சபையார்" என்றால் யார் என்பதிலேயே எங்களுக்குச் சந்தேகம் உண்டு. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்கு எறையூர் மறந்திருக்காது. 2008 மார்ச்சில் ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள் சாதிப் பிரச்சினை முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அங்கேயும் ஞானஸ்நானத் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்துதான், கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே சுவர். கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டவர்களுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று கலாத்தியரில் வருவது ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில்தான், அடுத்தடுத்த வசனம். எங்கள் ஊரில் முதல் வசனத்தை மட்டும் வாசித்து முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. உங்களுக்கு ஞானஸ்நானம் என்றால் கேக், வெள்ளை கவுன், போட்டோகிராபர். எங்களுக்கு அதற்கு ஒரு விலை உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவனானால் எஸ்.சி. கிடையாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்திக் கொடுத்தார்கள், நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் பி.சி. என்று சான்றிதழ் வரும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று சொன்னதே, அந்த வழக்கில் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானப் பதிவும் ஆதாரமாக எடுக்கப்பட்டது. என் தங்கை மகன் காலேஜ் சேரும் வருடம் இந்தப் பயம் எங்கள் வீட்டைத் தின்றது. அப்போது சபையிலிருந்து யாராவது வந்து "என்ன செய்யலாம்" என்று உட்கார்ந்து பேசினார்களா? இல்லை. "அவங்க சலுகைக்காக இந்துன்னு போட்டிருக்காங்களாம்" என்று பேசினார்கள். அவ்வளவுதான் தாங்கினது.

பாலக்கரை ஜெசி:
தெற்குத்தெரு அண்ணா, எங்கள் ஊரிலும் கல்லறைச் சுவர் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். அன்பியத்தைப் பற்றிப் பெருமையாக எழுதினேனே, எங்கள் அன்பியம் தெருவாரி என்பதால் தெரு எப்படியோ அன்பியமும் அப்படித்தான். இதை அங்கேயே எழுதியிருக்க வேண்டும்.

உபதேசியார் மகன்:
வயது எழுபத்தொன்று, தட்டச்சு பேரன் உதவியோடு. நெல்லைப் பக்கத்து வரலாற்றில் கொஞ்சம் சொல்லலாமா?

குளோரிந்தா அம்மாளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிராமணக் கைம்பெண், ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர், அந்தக் காரணத்துக்காக மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார், பிறகு 1778இல் கொடுத்தார். பாளையங்கோட்டையில் அந்த அம்மாள் கட்டின கோயில் 1785இல் எழும்பியது, பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் பேர் வைத்துவிட்டார்கள், கிணறும் வெட்டினார். ஒழுங்கில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டவர்தான் மற்றவர்களுக்குத் தண்ணீரும் இடமும் கொடுத்தார். 1780இல் அந்தச் சபையின் முதல் பட்டியலில் நாற்பது பேர். நாற்பது பேர் என்றால் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியாமலா போகும்? அப்புறம் மிஷனரி இரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், தரும சங்கம் ஏற்படுத்தினார்கள். ஞானஸ்நானம் வாங்கினதற்காக நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் முக்கிய வேலை. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை.

எங்கள் அப்பா உபதேசியாராக, அதாவது ஐயருக்குத் துணையாக ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுப்பவராக, இருந்தபோது சைக்கிளில் நாலு ஊர். கேரியரில் ஒரு நோட்டு வைத்திருப்பார், வேதபாடம் எழுதின நோட்டு என்று நான் நினைத்தேன். அவர் இறந்த பிறகு திறந்து பார்த்தால் அதில் இப்படித்தான் இருந்தது: "கிழக்கு வீடு, மாடு செத்தது. போக வேண்டும்." "கொல்லர் மகள், மாப்பிள்ளை அடிக்கிறான். ஐயரிடம் சொல்ல." "பெரியவர் கண் தெரியவில்லை, இனி சனிக்கிழமை போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க." ஒரு வரிக்கு நேரே போய் வந்ததும் ஒரு கோடு அடித்திருப்பார். கோடு அடிக்காத வரிகளும் இருந்தன.

கமிட்டி ஆள்:
எல்லாரும் கமிட்டியைத் திட்டப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்கு முன்னால் நானே வந்துவிட்டேன். ஒரு நகரச் சபையில் செயலாளராக இருக்கிறேன். முந்நூற்றைம்பது குடும்பம், ஒரே ஐயர், அவருக்கு இரண்டு கிளைச் சபைகளும் சேர்த்து. கல்யாணம், அடக்க ஆராதனை, பள்ளிக்கூட நிர்வாகம், தேர்தல் நேரத்தில் வருகிற வழக்குகள், இதற்கு நடுவே அவர் எந்த வீட்டுக்குப் போவார்? மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும், அப்போதுதான் பெயர்களே மனப்பாடம் ஆகியிருக்கும்.

போன வருடம் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எழுபது வயதுக்கு மேல், தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தோம். பதினைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்தோம், முப்பத்தொன்று வந்தது. "சந்திப்புக் குழு" என்று அறிவித்தால் அதே நாலு பேர்தான் கை தூக்குவார்கள், எனவே குழுவே போடவில்லை. ஒரு முதியவருக்கு ஒரு குடும்பம், பெயர் சொல்லி, நேரில் போய்க் கேட்டோம். "உங்க தெருவிலேயே இருக்காங்க, வாரம் ஒரு போன், மாதம் ஒரு தடவை நேரில், முடியுமா முடியாதா?" பொதுவாகக் கேட்டபோது ஆமென் சொன்னவர்கள் பெயர் சொல்லிக் கேட்டதும் டைரியைப் புரட்டினார்கள். ஒன்பது குடும்பம் முகத்துக்கு நேராக முடியாது என்றது, அவர்களை நான் மதிக்கிறேன். சரி என்று சொன்ன இருபத்திரண்டில் இப்போது உயிரோடு ஓடுவது பதினான்கு.

வாட்ஸ்அப் குழுவில் "இன்னார் சுகவீனம்" என்று போட்டால் நாற்பது கைகூப்பும் படம் வரும். வீட்டுக்குப் போனவர் யார் என்று அப்புறம் கேட்டால் ஒவ்வொருவரும் மற்ற முப்பத்தொன்பது பேரில் யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

விட்டுப்போனவன்:
2021 மே. அப்பா கொரோனாவில் போனார். சபையிலிருந்து யாரும் வரவில்லை, அப்போது யாராலும் வர முடியாது, அதைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஆறு மாதமும் யாரும் வரவில்லை. ஏழாம் மாதம் ஒரு தாள் வந்தது, அப்பா பெயரில் சபைச் சந்தா பாக்கி, கல்லறைப் பராமரிப்புக் கட்டணம். கட்டிவிட்டேன். அதற்கு அப்புறம் போகவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, அந்த உபதேசியார் நோட்டைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

யோர்தான் கரை:
முதலில் கொஞ்சம் திமிராக எழுதிவிட்டேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை போன நேரத்தில் எங்கள் சபை நிஜமாகவே வந்து நின்றது, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பீஸ், எல்லாம். அதை மறந்தால் நான் மனிதனில்லை. ஆனால் அடுத்த மாதம் மேடையேறி அதைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். என் இரண்டு பெண்களும், ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு, ஒருத்தி ஏழு, கூடப் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் அதே ஹாலில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் இன்றைக்கும் அந்த வரிசையில் உட்கார மாட்டாள். வாங்கின அரிசிக்கு அவள்தான் விலை கொடுத்தாள்.

மெஞ்ஞானபுரத்தான்:
நேற்றுப் போய் வந்தோம். "பெயர் வேண்டாம்" சொன்னபடி முதலில் போன் போட்டேன். என் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை. ஏழு வருடம் ஆறு அங்குல இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறோம். "உங்களுக்குப் பின்னால, தாளம் தப்பிப் பாடுவேனே" என்றதும், "ஓ, நீயா, வா" என்றார்.

கதவைத் திறந்தது எதிர்வீட்டு அம்மா. உள்ளே போனதும் டீச்சரம்மா கட்டிலில் சாய்ந்தபடி கேட்ட முதல் கேள்வி, "சந்தா பாக்கிக்கா வந்திருக்க?" என் மனைவி சிரித்துவிட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து பர்ஸை எடுத்தே விட்டார். மூன்று மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தனியாகக் கவரில் வைத்திருக்கிறார், மேலே குடும்ப எண் எழுதி. அதைப் பார்த்த பிறகு என்ன பேசுவது.

ஆப்பிள் வாங்கவில்லை, நர்ஸம்மாவுக்கு நன்றி. குளியலறையைப் பார்த்தேன், அதே வழுவழுப்பான டைல்ஸ், கம்பி கிடையாது. பிளம்பர் புதன்கிழமை வருகிறார். எதிர்வீட்டு அம்மாவிடம் நாங்கள் உட்காருகிறோம், நீங்கள் வெளியே ஏதாவது வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள் என்றாள் என் மனைவி. அவர் உடனே செருப்பை மாட்டினார், மூன்றரை மாதமாகத் தள்ளிப்போட்ட பாங்க் வேலையாம்.

ஜெபிக்கலாமா என்று கேட்டேன், தயக்கத்தோடுதான். "ஜெபம் நானே பண்ணிக்குவேன், பாமாலையில நாலு சரணம் சத்தமா வாசி, கண்ணாடி பவர் மாறிடுச்சு" என்றார். வாசித்தேன். ழகரத்தை இரண்டு இடத்தில் திருத்தினார்.

நைட் ட்யூட்டி:
கண்ணாடி விஷயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பார்வை மங்கினதால்தான் விழுந்தாரோ என்னவோ. எலும்பு டாக்டரிடம் ரிவ்யூவுக்குப் போகும்போதே கண்ணையும் காட்டிவிடுங்கள். ரிவ்யூ எப்போது?

மெஞ்ஞானபுரத்தான்:
செவ்வாய் காலை பத்தரை. இரண்டு தடவை தள்ளிப்போனதாம், காரணம் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இறக்க ஆள் இல்லை. நாற்காலியோடு தூக்கினால் நாலு பேர் வேண்டும். நான், எதிர்வீட்டு அம்மாவின் மகன், எங்கள் கோயில்பிள்ளை, மூன்று பேர் ஆயிற்று. எங்கள் சபைக் குழுவில் பொதுவாகக் கேட்காமல் பெயர் சொல்லி ஐந்து பேருக்கு போன் போட்டேன், நாலு பேருக்கு ஆபீஸ், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

யோர்தான் கரை:
குரோம்பேட்டைதான் நான். இறக்கினால் போதுமா, திரும்ப ஏற்றவும் வேண்டுமா? ஏற்றவும் என்றால் முழு நாள் லீவு போட்டுவிடுகிறேன்.

மெஞ்ஞானபுரத்தான்:
ஏற்றவும்தான் தம்பி. ஒன்பதரைக்கு வாருங்கள். படி குறுகல், பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம்.